இடுப்பில் தம்பி, தலையில் குடும்பம்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசல் தெளித்து, கோலத்துக்குப் புள்ளி வைத்துக் கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் வந்து நின்றாள். சிங்கம்புணரிப் பக்கம் கயிறு மில்லில் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குக் கூடப் போகாமல் நேரே என்னிடம் வந்திருக்கிறாள். தலைமுடியிலும் சேலையிலும் தென்னை நார்த் தூசி.

"அக்கா, எம் மக எந்நேரமும் வவுத்து வலி, வவுத்து வலிங்கிறா. திங்கக்கெழம ஆனா கூடிப் போகுது. ஆசுபத்திரியில காமிச்சாச்சு. வவுத்துல ஒண்ணுமில்லேன்னுட்டாக. நீங்கதான் புத்தகத்துல எல்லாம் எழுதுறீகளே, என்னா ஏதுன்னு பாருங்களேன்."

"பள்ளிக்கூடத்துல யாரும் அடிக்கிறாகளா?"

"அதெல்லாம் இல்லக்கா. அவ தங்கம். நான் வேலைக்குப் போயிட்டா வீட்டையே அவதான் பாக்குறா. சோறு வடிச்சிருவா. தம்பியக் குளிப்பாட்டி விட்ருவா. அவுக அப்பா குடிச்சிட்டு வந்து சத்தம் போட்டா, ராத்திரி நான் அழுகுறப்ப அவதான் என்னையத் தேத்துவா. எனக்கு ஆத்தா கணக்கா இருக்காக்கா! வயசு பத்து, புத்தி அம்பது!"

சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் அத்தனை பெருமை. எனக்கோ புள்ளி தப்பிப் போய்விட்டது. ஏனென்றால், நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே கொட்டாம்பட்டித் தெருவில் இன்னொரு சின்னப் பெண்ணைப் பற்றியும் இப்படித்தான் பேசினார்கள். "மூத்தது பொண்ணு, வீட்டுக்கு ஒரு கண்ணு. வயசுக்கு மீறின புத்தி" என்று. அந்தப் பெண் நான்தான்.

சகோதரிகளே, இந்த இதழில் சமையல் குறிப்பும் இல்லை, கை வைத்தியமும் இல்லை. வயசுக்கு மீறின புத்தி என்று நாம் மெச்சிக் கொள்கிறோமே, அது அந்தச் சின்னத் தலைக்குள் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம்.

தராசில் ஏறாத பாரம்

எங்கள் கொட்டாம்பட்டியை மதுரை - திருச்சி ரோட்டில் பஸ் நிற்கும் ஓர் ஊராகத்தான் பலருக்குத் தெரியும். ஆனால் குழந்தைகள் நலம் பற்றிப் பேசுகிற பெரிய பெரிய அறிக்கைகளில் இந்த ஊர்ப் பெயர் இருக்கிறது. 1980-ல் உலக வங்கியின் கடனுதவியோடு 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம்' வந்தபோது, அதை முதன்முதலில் பரிசோதனையாக நடத்திப் பார்த்தது எங்கள் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போயிற்று.

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதா மாதம் எடை போடுவார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை. அதில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். கோடு மேலே ஏறினால் சந்தோஷம். ஏறாமல் படுத்து விட்டால் அந்தக் குழந்தைக்கு மட்டும் மூன்று மாதம் போலச் சத்துருண்டை கொடுத்துத் தேற்றுவார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அள்ளிக் கொடுப்பதை விட, வாடுகிற பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொடுப்பது என்பதே அதன் சூட்சுமம். நல்ல திட்டம். நோஞ்சான் பிள்ளைகள் கணிசமாகக் குறைந்தார்கள் என்பது பின்னால் வந்த கணக்கு.

1981-ல் எனக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. வீட்டில் நான் மூத்தவள். எனக்குக் கீழே இரண்டு தங்கச்சி, கடைசியில் தம்பி. அப்பா லாரியோடு போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். அம்மா கடலைக் காட்டுக்குக் களை வெட்டப் போய் விடுவாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! அரைப் பரீட்சை முடிந்த கையோடு நான் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டேன்.

எடை போடும் நாளில் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான்தான் போவேன். உத்தரத்தில் தராசு தொங்கும். அதில் ஒரு துணிப்பை. அவனை அதில் இறக்கி விட்டதும் வீல் என்று கத்துவான். முள் ஆடி நிற்கிற வரைக்கும் எனக்கு மூச்சு நின்று விடும். "ஏறியிருக்குத்தா, நல்லாப் பாத்துக்கிறே!" என்று எடை போடுகிற அக்கா சொன்னால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி.

ஒரு மாதம் அவனுக்கு வயிற்றுப்போக்கு. எடை இறங்கி விட்டது. அந்த அக்கா என்னை ஒன்றும் சொல்லவில்லை. சத்துருண்டையைக் கையில் கொடுத்து, "தவறாமக் குடு" என்றாள். அவ்வளவுதான். ஆனால் நான் வழியெல்லாம் அழுதேன். என்னால்தான் இளைத்து விட்டான் என்று நினைத்தேன். அன்று முதல் ராத்திரி அவன் மூச்சு விடுகிறானா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். ஒரு ராத்திரிக்கு நாலு தடவை, ஐந்து தடவை.

அந்த அட்டையில் தம்பியின் எடை இருந்தது. அவனைத் தூக்கி வந்தவளின் பாரம் எதிலும் இல்லை. திட்டத்தைக் குறை சொல்லவில்லை, அது கைக்குழந்தைகளுக்காக வந்தது. ஆனால் ஒன்பது வயதுப் பெண் சுமக்கிற கவலையைக் கிராமில் நிறுக்கத் தராசு ஏது?

1982 ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, இரண்டு வயது முதலே பால்வாடியிலும் சாப்பாடு. தம்பிக்கு அப்போது இரண்டு வயது. அவன் பால்வாடிக்குப் போனான், நான் மறுபடி பள்ளிக்கூடம் போனேன். சத்துணவு பிள்ளைகளின் வயிற்றை நிரப்பியதை எல்லோரும் சொல்வார்கள். அக்காமார்களின் இடுப்பைக் காலி செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதைக் கொண்டு வந்தவரும் அப்படிச் சுமந்த பிள்ளைதான். அப்பாவைச் சின்ன வயதிலேயே இழந்தவர். வீட்டு வறுமை தாங்காமல் அண்ணன் சக்ரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் மீசை முளைக்காத பையன்கள் ராஜாவாகவும் ராணியாகவும் தகப்பனாகவும் வேஷம் கட்டினார்கள். மேடையில் போட்ட வேஷத்தை விடிந்ததும் கலைத்து விடலாம். குடும்பத்துக்காகச் சம்பாதிக்கிற பெரியவன் வேஷத்தை? அதைக் கலைக்க முடியாது. அவரைப் போல் உயர்ந்தவர் உண்டு. பெயர் தெரியாமல் போன பிள்ளைகள் எத்தனையோ.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

பயந்து விடாதீர்கள், பாடம் எடுக்கப் போவதில்லை. நமக்குப் பழக்கமான விஷயங்களை வைத்தே சொல்கிறேன்.

ஒரு குழந்தைக்கு ஆறு வயதாகும்போது அதன் மூளை, அளவில் பெரியவர் மூளையில் ஏறத்தாழ 90 சதவீதம் வந்து விடுகிறது. அதைப் பார்த்து 'பெரிய மூளை வந்தாச்சு' என்று நினைத்து விடக் கூடாது. பாத்திரம்தான் வந்திருக்கிறது, உள்ளே இன்னும் வேகவில்லை! நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளைதான் யோசிக்க, நிதானிக்க, எது முக்கியம் எது அற்பம் என்று பிரிக்க உதவுகிற பகுதி. வீட்டுக்குப் பெரிய மனுஷி மாதிரி. அது முழுசாகப் பக்குவப்பட இருபத்தைந்து வயது வாக்கில் ஆகிறது. அப்படியானால் பத்து வயதில் ஐம்பது வயதுப் புத்தி எங்கேயிருந்து வரும்? வராது. ஐம்பது வயதுக் கவலை மட்டும்தான் வரும்.

மூளையில் கோடிக்கணக்கான ஒற்றையடிப் பாதைகள் உண்டு. எந்தப் பாதையில் நடமாட்டம் ஜாஸ்தியோ அது ரோடாகி விடும். நடமாட்டம் இல்லாத பாதையில் புல் மண்டி விடும். விளையாட்டு, கற்பனை, சும்மா இருந்து வேடிக்கை பார்ப்பது எல்லாமே பாதைகள்தான். 'அப்பா செருப்புச் சத்தம் எப்படி இருக்கு? இன்னிக்குக் குடிச்சிருக்காரா? அம்மா முகம் ஏன் வாடியிருக்கு?' என்று ஒரு குழந்தை நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தால், அந்தப் பாதைதான் நாலு வழிச் சாலையாகும்.

அடுத்தது, மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பு போல் ஒரு பகுதி. அமிக்டலா என்று பெயர். அதை வீட்டுக் காவல் நாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆபத்து என்றால் குரைக்கும். உடனே உடம்பில் அட்ரீனலின், கார்ட்டிசால் முதலிய ரசங்கள் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், வயிறு பிசையும். இது தேவையான ஏற்பாடுதான். ஆபத்து விலகியதும் தணிந்து விட வேண்டும், அவ்வளவே. உலை பொங்கினால் அடுப்பைத் தணிக்கிறோமே, அப்படி.

குழந்தை தானாகத் தணித்துக்கொள்ள முடியாது. முன்மூளை இன்னும் பிஞ்சு. அதனால் இயற்கை வேறு வழி வைத்திருக்கிறது: பெரியவர்களின் மடி. அம்மா அணைத்துக்கொண்டால், அப்பத்தா முதுகைத் தடவினால், குழந்தையின் கார்ட்டிசால் இறங்குகிறது என்று பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. இங்கேதான் என் கேள்வி. எல்லோருக்கும் தானே மடியாக இருக்கிற குழந்தைக்கு யாருடைய மடி?

தணிக்க ஆளில்லாமல் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால் பாத்திரம் அடிப்பிடிக்கும். ஞாபகத்துக்கு உதவுகிற ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இந்தக் கார்ட்டிசால் விஷயத்தில் ரொம்பத் தொட்டாற்சிணுங்கி. நாள்பட்ட மன அழுத்தத்தில் படித்தது நிற்காது, கவனம் சிதறும். வாத்தியார் "இந்தப் பிள்ளைக்குக் கவனமே இல்லை" என்பார். கவனம் இருக்கிறது. அது வீட்டில் இருக்கிறது! புரூஸ் மெக்யூவன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1993-ல் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து, இப்படி நாள்பட உடம்பும் மூளையும் தேய்வதற்கு ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெயரிலேயே 'சுமை' என்ற சொல் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பார்கள்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லி விடுகிறேன். மூளையைப் படம் பிடித்து நடத்திய ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை அடி உதை பட்ட, கவனிப்பாரற்றுக் கிடந்த பிள்ளைகளைப் பற்றியவை. வீட்டுப் பொறுப்பைச் சுமந்த பிள்ளைகளை மட்டும் தனியே பார்த்தவை குறைவு. அதனால் 'தம்பியைத் தூக்கினால் மூளை கெட்டு விடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விஷயம் வேலையில் இல்லை, தணியாத கவலையில் இருக்கிறது.

"அந்தக் காலத்துல நாங்கல்லாம் வளரலியா?"

இப்படிக் கேட்காத மாமியார் உண்டா? நியாயமான கேள்விதான்.

வீட்டு வேலை செய்வது குழந்தைக்கு நல்லது. ஜான் வைட்டிங், பியாட்ரிஸ் வைட்டிங் என்ற தம்பதி ஆறு நாட்டுச் சமூகங்களில் பிள்ளைகளைக் கவனித்து 1975-ல் புத்தகம் எழுதினார்கள். அதில் நம் உத்தரப் பிரதேசத்துக் காலாப்பூர் என்ற ஊரும் ஒன்று. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் பிறருக்கு உதவுகிற குணம், அரவணைக்கிற குணம் கூடுதலாக இருந்தது என்று கண்டார்கள். ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற அம்மையார் நாற்பது வயது வரை விடாமல் கவனித்தார். வறுமை, சண்டை, நோய் என்று பல கஷ்டங்கள் சேர்ந்து அமுக்கிய பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கு பேர் நன்றாகத் தலையெடுத்தார்கள். அவர்களில் பலருக்கு வீட்டில் ஒரு பொறுப்பு இருந்தது. கூடவே, நம்பிச் சாய்ந்துகொள்ள ஒரு பெரியவர் இருந்தார். பாட்டியோ, அத்தையோ, வாத்தியாரோ, யாரோ ஒருவர்.

கலிபோர்னியாவில் 2010 வாக்கில் இளவயதுப் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். தனக்கு வரவேண்டிய பணத்தை விட்டுக்கொடுத்துக் குடும்பத்துக்குக் கொடுக்கும்போது, குடும்பக் கடமையை மதிக்கிற பிள்ளைகளின் மூளையில் சந்தோஷத்துக்கான பகுதியே விழித்துக்கொண்டதாம். எடை ஏறியது என்று கேட்டதும் எனக்குத் தீபாவளி வந்ததே, அது இதுதான்!

அப்படியானால் எது தப்பு? குடும்பங்களை ஆராய்ந்த மனோதத்துவ நிபுணர்கள் இதை அழகாகப் பிரித்திருக்கிறார்கள். நியூயார்க் சேரிக் குடும்பங்களைப் பற்றி 1967-ல் எழுதிய சால்வடார் மினூச்சின், மூத்த பிள்ளை சின்னதுகளைப் பார்ப்பது பெரிய குடும்பங்களில் இயல்பு என்கிறார். பெற்றவர்கள் பொறுப்பை மொத்தமாகக் கைகழுவி விட்டு, 'நீயே பார்த்துக்கோ' என்று பிள்ளை தலையில் கட்டும்போதுதான் கோளாறு. 1973-ல் ஹங்கேரியில் பிறந்த பாசோர்மென்யி-நாகி என்பவரும் ஜெரால்டின் ஸ்பார்க் என்ற அம்மையாரும் எழுதிய புத்தகத்தில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு என்றார்கள். குழந்தை கொடுத்துக்கொண்டே இருக்கிறது, யாரும் அதை வரவு வைப்பதில்லை என்றால் அந்தக் கடன் மனசில் தங்கி விடும்.

இதிலே இரண்டு வகை உண்டு. ஒன்று கை வேலை: பாத்திரம் கழுவுவது, தண்ணீர் எடுப்பது, தம்பியைக் குளிப்பாட்டுவது. வயதுக்குத் தக்கபடி இருந்தால், முடிகிற நேரமும் இருந்தால், பாதகமில்லை. இன்னொன்று மன வேலை: அம்மாவின் அழுகையைத் துடைப்பது, அப்பா அம்மா சண்டையில் பஞ்சாயத்துப் பண்ணுவது, கடன்காரன் வந்தால் பதில் சொல்வது, குடிகார அப்பாவைச் சமாளிப்பது. இதற்கு முடிவு நேரமே கிடையாது. பாத்திரம் கழுவினால் கவிழ்த்து வைத்து விட்டு விளையாடப் போகலாம். அம்மாவின் துக்கத்தை எங்கே கவிழ்த்து வைப்பது?

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற பாரம் என்று நினைக்க வேண்டாம். துக்க வீட்டில் எட்டு வயதுப் பையன் தோளில் கை வைத்து, "இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பள" என்கிறோமே, அந்தக் கை எத்தனை கனம்! வெளிநாட்டில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் அம்மாவுக்கு என்ன நோய் என்று டாக்டர் சொல்வதை, பிள்ளையே மொழிபெயர்த்து அம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே மட்டும் என்ன? பேங்க் சலான், கடன் தவணை, செல்போனில் பணம் அனுப்புவது எல்லாம் படித்த பிள்ளையின் தலையில்.

சட்டம் இதைத் தொடாது. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தி, 14 வயதுக்குள் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றார்கள். பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத்துக்கு உதவுவதற்கு விலக்கு உண்டு. வீட்டுக்குள் நடப்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

என் அனுபவத்தையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். குழந்தை விளையாட மறந்து போயிருக்கும். விளையாடினாலும் ஒரு கண் வீட்டு மேலேயே இருக்கும். காரணமில்லாத வயிற்று வலி, தலைவலி, முக்கியமாக அம்மாவை விட்டுப் பிரிகிற நேரத்தில். (திங்கட்கிழமை வலி கூடியதன் மர்மம் புரிகிறதா? சனி ஞாயிறு வீட்டைக் காவல் காத்து விட்டு, திங்கட்கிழமை விட்டுப் போக வேண்டியிருக்கிறதே!) சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளும். "எனக்கு ஒண்ணும் வேணாம்மா" என்று தீபாவளித் துணி கூடக் கேட்காது. கேட்காத பிள்ளையைத்தான் நாம் நல்ல பிள்ளை என்கிறோம்.

வளர்ந்த பிறகும் அது போவதில்லை. நான் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், யார் யாருக்கு இலை போடவில்லை என்று எண்ணிக்கொண்டே இருப்பேன். அடுத்தவர் வேலை செய்ய நான் உட்கார்ந்திருந்தால் குற்றம் செய்த மாதிரி இருக்கும். எனக்குக் காய்ச்சல் என்றால் யாரிடமும் சொல்ல மாட்டேன். என் பெண் பிறந்தபோது அவள் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும் வரை!

என்ன செய்யலாம்?

வேலைக்குப் போகாதே என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை? அடுப்பு எரிய வேண்டாமா? அதனால் முடிகிற காரியங்களை மட்டும் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1. வேலைக்கு முடிவு நேரம் வையுங்கள். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே தம்பி என் பொறுப்பு" என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். அம்மா வந்தாச்சு, காவல் மாறியாச்சு என்று அந்தக் குழந்தைக்குத் தெரிய வேண்டும்.

2. செய்த வேலையை வரவு வையுங்கள். "தங்கம், சமத்து" என்று பொதுவாகச் சொல்வதை விட, "நீ தம்பிக்குச் சோறு ஊட்டினதாலே எனக்கு வேலையிலே நிம்மதியா இருந்துச்சு" என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

3. உங்கள் துக்கத்தை உங்கள் வயதுக்காரியிடம் அழுங்கள். அக்கா, மதினி, பக்கத்து வீடு, மகளிர் குழு எது வேண்டுமானாலும். பிள்ளை கேட்டால் மறைக்கவும் வேண்டாம். "அம்மாவுக்குக் கஷ்டம்தான். அதைப் பெரியவங்க பாத்துக்குவோம். அது உன் வேலை இல்லே, உன்னாலே வந்ததும் இல்லே" என்றால் போதும். அந்தக் கடைசி வார்த்தைகள் மிக முக்கியம்.

4. தினம் அரை மணி, எதற்கும் உபயோகமில்லாத விளையாட்டு. பல்லாங்குழியோ, பாண்டியோ, சும்மா மண்ணைக் கிளறுவதோ. இடுப்பில் யாரும் இருக்கக் கூடாது!

5. அங்கன்வாடியைப் பயன்படுத்துங்கள். சின்னது அங்கே போனால் பெரியதற்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

6. சொந்தத்தில் ஒரு பெரியவரைப் பிடித்துக் கொடுங்கள். அப்பத்தா, அம்மாயி, சித்தி என்று சாய்ந்துகொள்ள ஒரு தோள்.

7. வீட்டில் குடியோ அடியோ இருந்தால் அதைப் பிள்ளை சமாளிக்கக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனக் கஷ்டத்துக்கு 14416 என்ற இலவச எண்ணில் பேசலாம். குடியை விட வைக்க மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. வயிற்று வலி விடாமல் இருந்தால் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள். 'மனசுதான்' என்று நாமே தீர்ப்புச் சொல்லி விடக் கூடாது.

மூளைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. புல் மண்டிய பாதையிலும் மறுபடி நடந்தால் தடம் விழும். குழந்தைப் பருவத்தில் சீக்கிரம் விழும், பதின்வயதிலும் விழும், பிறகு கொஞ்சம் மெதுவாக விழும். காலம் கடந்து விட்டது என்று எதுவும் இல்லை.

எதிர்வீட்டுப் பெண் கேட்டு விட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நானும் எங்க வீட்டுல மூத்தவதாங்க்கா" என்றாள். அதற்கு மேல் இருவருமே பேசவில்லை. இந்த வாரம் அவள் மகள் தினமும் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறாள். முதல் இரண்டு நாள் என் கூடவே வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். "வேணாம், சும்மா இரு" என்றால் அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. மூன்றாம் நாள் தெருப் பிள்ளைகளோடு பாண்டி ஆடினாள். நடுவில் இரண்டு தடவை ஓடிப் போய்த் தம்பியைப் பார்த்து விட்டு வந்தாள். வயிற்று வலி தீர்ந்ததா என்றால், இன்னும் இல்லை. இந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் மட்டும் போனாள்.

இதையெல்லாம் என் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு எழுபத்தைந்துக்கு மேல். கண் சரியாகத் தெரியாது. வெற்றிலையை இடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு கையை நீட்டி என் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், அங்கே இன்னும் யாராவது இருக்கிறார்களா என்பது போல.

"ஒம் படிப்பக் கெடுத்தேன்னு எனக்குத் தெரியும்டி. அன்னைக்கு எனக்கு வேற கதி இல்லே. நீ இல்லேன்னா அவன் ஏது?"

என் கணக்கில் நாற்பது வருஷம் கழித்து வரவு விழுந்தது. அன்று ராத்திரி தெருவில் நாய் குரைத்ததும் வழக்கம் போல விழித்துக்கொண்டேன். ஆனால் எழுந்து போய் யாரையும் எண்ணிப் பார்க்கவில்லை. புரண்டு படுத்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு மூத்தவள் இருந்தால், அல்லது நீங்களே அந்த மூத்தவளாக இருந்தால், எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.